டபுள்-ஓ சிக்னல் கேபின் கிட்டை எச்.ஓ.வுக்குக் கொண்டுவர முடியுமா?

லூப்லைன் எழுதியது:

வணக்கம். வீட்டில் மாடல் ரயில் லேஅவுட் வைத்திருக்கிறேன். லண்டனில் இருந்து லீவுக்கு வந்த சித்தப்பா அதற்காக ஒரு பிளாஸ்டிக் கிட் வாங்கி வந்தார். பிரிட்டிஷ் சிக்னல் கேபின், லீவர் இழுத்துச் சிக்னல்களை இயக்குகிற கட்டடம். ஒரு காலத்தில் ஏர்ஃபிக்ஸ் போட்டது, இப்போது டேபோல் பெயரில் வருகிறது. ஓக்கம் என்ற ஊரில் 1899-இல் கட்டிய மரக் கேபினைப் பார்த்து வார்த்தது.

கிட் 1:76, அதாவது நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு; அந்த அளவுக்குப் பெயர் டபுள்-ஓ (OO). என் லேஅவுட் 1:87, எச்.ஓ. (HO). இரண்டுக்கும் தண்டவாள அகலம் ஒன்றுதானே, 16.5 மி.மீ., அப்புறம் என்ன என்று நினைத்துவிட்டேன். பசை போடாமல் செல்லோடேப் ஒட்டி நிறுத்தி, ஒரு எச்.ஓ. ஆளைக் கதவுக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி இல்லை. ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிபன் கேரியர் கொண்டுவந்த பையன் மாதிரி இருக்கிறார்.

இதை எங்கே வெட்டினால் சரியாகும்? இல்லை, யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?

---

மில்லிமீட்டர் மாமா எழுதியது:

கொடுத்துவிடாதீர்கள் தம்பி. முதலில் கணக்கு.

டபுள்-ஓவில் ஓர் அடிக்கு 4 மி.மீ. எச்.ஓ.வில் ஓர் அடிக்கு 3.5 மி.மீ. நாலில் மூன்றரை என்றால் முக்காலே அரைக்கால். அதாவது ஒவ்வொரு அளவிலும் எட்டில் ஒரு பங்கு போக வேண்டும். நூற்றுக்கு 87.5. இந்த ஒரு எண்ணை மேஜைமேல் எழுதி ஒட்டிவிடுங்கள், கால்குலேட்டரே வேண்டாம்.

தண்டவாளம் ஒன்றாக இருப்பது பழைய கதை. ஓ (O) என்ற பெரிய அளவில் அடிக்கு 7 மி.மீ.; அதில் பாதிதான் எச்.ஓ. பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உடம்பில் சின்னவை. அந்தக் காலத்து மோட்டார் 3.5 மி.மீ. கணக்கில் செய்த கூட்டுக்குள் போகவில்லை. அதனால் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடம்பை மட்டும் 4 மி.மீ.க்கு ஏற்றினார்கள். அந்தச் சமாளிப்பின் பலனை நாம் இன்றைக்கும் அனுபவிக்கிறோம்.

இப்போது உங்கள் கேபின். சுவர் கிடைமட்டப் பலகைதானே? ஒரு பலகையின் கீழ் விளிம்பு அடுத்த பலகைமேல் ஏறி நிற்கும், அங்கே மெல்லிய நிழல் விழும். வெட்டு அந்த நிழல்கோட்டில் போக வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, கத்தியின் பின்புறத்தால் பத்துப் பன்னிரண்டு தடவை மெதுவாகக் கீறுங்கள். அழுத்தாதீர்கள், கீறல் தானாக ஆழமாகும். பிறகு மேஜை விளிம்பில் வைத்து மடக்கினால் டக்கென்று உடையும். திரும்ப ஒட்டியபின் வெட்டு எங்கே என்று உங்களுக்கே தெரியாது.

கீழ்த்தளத்தில் மட்டும் வெட்டுங்கள். நீளத்தைத் தொடாதீர்கள். கேபினின் நீளம் உள்ளே எத்தனை லீவர் என்பதைப் பொறுத்தது. உங்கள் கேபினில் எத்தனை லீவர் என்று எவன் எண்ணப் போகிறான்?

---

தூரத்துமலை எழுதியது:

எதற்கு இந்த அறுவை சிகிச்சை? எட்டில் ஒரு பங்குதானே. தண்டவாளத்துக்குப் பின்னால், ஒரு வேப்பமரத்தை மறைப்பாக வைத்துவிட்டால் தீர்ந்தது. பக்கத்தில் ஆள் பொம்மை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

---

மில்லிமீட்டர் மாமா எழுதியது:

மலை சார், பின்னால் வைக்கும் வித்தையே வேறு. தூரத்தில் இருப்பதாகக் காட்ட அளவு குறைய வேண்டும். எச்.ஓ. லேஅவுட்டில் பின்வரிசைக்கு இன்னும் சின்ன டிடி (TT, 1:120) அளவு வீடு, அதற்கும் பின்னால் அதைவிடச் சின்ன ‘என்’ (N) அளவு வீடு என்று வைத்தால் கண் ஏமாறும். நீங்கள் பெரிய கட்டடத்தைப் பின்னால் வைக்கச் சொல்கிறீர்கள். மலை பக்கத்தில் வந்துவிடும்.

---

தூரத்துமலை எழுதியது:

சரி, அதில் என் பக்கம் தப்பு. வேப்பமரம் மட்டும் இருக்கட்டும்.

---

ரெசின்ராசா எழுதியது:

என்னிடம் 3டி பிரிண்டர் இருக்கிறது, கோப்பை 87.5-க்குச் சுருக்கி அடித்துக்கொள்ளலாம் என்று சொல்ல வந்தேன். நானே ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் ஒரு எச்சரிக்கையும் சேர்த்து.

சுருக்கினால் எல்லாம் சுருங்கும், சுருங்கக் கூடாததும். ஜன்னல் கம்பி 0.4 மி.மீ. இருந்தால் 0.35 ஆகிவிடும். 0.4 நாசில் போட்ட ஃபிலமெண்ட் பிரிண்டரில் பெரும்பாலும் அந்தக் கம்பியை ஸ்லைசர் (கோப்பைப் பிரிண்டருக்குத் தயார் செய்யும் மென்பொருள்) சத்தமில்லாமல் விட்டுவிடும். நான் விடிய விடிய அடித்து, காலையில் எடுத்தால் எல்லா ஜன்னலும் வெறும் ஓட்டை. ரெசினில் வரும், ஆனால் கழுவும்போது உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பிகளைத் தனியாகத் தடிப்பாக்கிவிட்டு மற்றதைச் சுருக்குவதே வழி.

---

யாழ்தேவி76 எழுதியது:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். 1990-க்கு முந்திய யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தை டபுள்-ஓவில் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஆறு வருசமாக. இன்னும் கூரை போடவில்லை, கேட்க வேண்டாம்.

ஒரு கதவுக்கு இவ்வளவு அடிபடுகிறீர்களே, தண்டவாளத்தைப் பார்த்தீர்களா? உங்களுக்கும் எங்களுக்கும் பாதை ஐந்தரை அடி, 1,676 மி.மீ. டபுள்-ஓவில் அது 22 மி.மீ. வர வேண்டும். நான் ஓட்டுவது 16.5-இல். கால்வாசி காணாமல் போய்விட்டது. எச்.ஓ.வில் 19.3 வர வேண்டும், அங்கேயும் ஏழில் ஒரு பங்கு குறைவு. 16.5 பாதை நம் அகலப்பாதைக்குச் சரியாகப் பொருந்த வேண்டுமென்றால் எல்லோரும் 1:101.6-இல் கட்ட வேண்டும். அப்படி ஒரு அளவில் ஒரு கதிரைகூடக் கடையில் கிடையாது.

ஆனாலும் பாதை குறைந்ததை யாரும் கவனிப்பதில்லை. வாசலில் ஆள் குட்டையாக நின்றால் வீட்டுக்கு வந்த சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடுகிறது. அதுதான் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

---

மில்போர்டு எழுதியது:

அருமையான கேள்வி அண்ணை. என் அனுபவத்தில் பதில் இது: மனிதனின் கையும் காலும் படுகிற இடத்தில்தான் கண் அளவைப் பிடிக்கிறது. படி, கைப்பிடி, தாழ்ப்பாள், பெஞ்சு. சுவரும் கூரையும் எவ்வளவு இருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும்.

லூப்லைன் தம்பியின் கதவையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் கதவு ஆறரை அடி. டபுள்-ஓவில் 26 மி.மீ. அதே 26-ஐ எச்.ஓ. கணக்கில் படித்தால் ஏழடி ஐந்தங்குலம். இது தப்பான கதவா? நம்மூரில் வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே கட்டடங்களில் ஏழடி, ஏழரை அடிக் கதவை எத்தனை பார்த்திருக்கிறோம்! லண்டனில் அது தப்பு. திருச்சிப் பக்கம் சரி.

தப்பாக இருப்பது தாழ்ப்பாள். மூணேகால் அடி உயரத்தில் இருக்க வேண்டியது கிட்டில் 13 மி.மீ.யில் இருக்கும். எச்.ஓ. ஆளுக்கு அது நெஞ்சுக்கு வரும். அதைச் சீவிவிட்டு 11.5 மி.மீ.யில் ஒரு துளிப் பித்தளைக் கம்பி வையுங்கள். பையன் ஆளாகிவிடுவான்.

அடுத்தது படிக்கட்டு. எட்டங்குலப் படி டபுள்-ஓவில் 2.67 மி.மீ. எச்.ஓ.வில் அதையே வைத்தால் ஒன்பதங்குலத்துக்கு மேல். தினமும் ராத்திரி டூட்டிக்கு அதில் ஏறுகிறவருக்கு முட்டி தேய்ந்துவிடும். படிக்கட்டை மட்டும் புதிதாகச் செய்யுங்கள், ஒரு படிக்கு 2.33. பன்னிரண்டு படி என்றால் 32 மி.மீ. உயரம் 28 ஆகிவிடும். கீழ்த்தளத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது: 4 மி.மீ.

கைப்பிடியில் உயரத்தைவிடத் தடிமன்தான் முக்கியம். அச்சில் வார்த்த கைப்பிடி 1 மி.மீ. இருந்தால் எச்.ஓ.வில் அது 87 மி.மீ., பந்தல்கால் பருமன். 0.5 மி.மீ. கம்பி வையுங்கள், குழாய் மாதிரி இருக்கும்.

---

லூப்லைன் எழுதியது:

மில்போர்டு அண்ணா, தாழ்ப்பாளை மட்டும் இறக்கிப் பார்த்தேன். நம்பவே முடியவில்லை. கதவு அப்படியே இருக்கிறது, ஆள் வளர்ந்துவிட்டார்!

ஆனால் வேறு ஒரு சந்தேகம். என்னுடையது கற்பனை ஸ்டேஷன்தான், ஆனாலும் தஞ்சாவூர் லைனில் இருப்பதாக வைத்திருக்கிறேன். முழுக்க மரக் கேபின் அங்கே பொருந்துமா?

---

மில்லிமீட்டர் மாமா எழுதியது:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பலகையை வெட்டச் சொல்லியிருக்க மாட்டேனே! நம்மூர்க் கேபின் பெரும்பாலும் கீழே செங்கல், மேலே கண்ணாடி. கிட்டின் கீழ்த்தளத்தையே எடுத்துவிடுங்கள். 28 மி.மீ. உயரத்துக்குப் புதிதாகச் செங்கல் சுவர் எழுப்பி, கிட்டின் மேல்தளத்தைத் தூக்கி அதன்மேல் உட்காரவையுங்கள்.

செங்கல் வரிசை பதித்த ஷீட்டுக்கும் எச்.ஓ. தேடி அலைய வேண்டாம். இந்த விஷயம் எனக்கே தற்செயலாகத்தான் பிடிபட்டது. பழைய பிரிட்டிஷ் கணக்கில் ஓர் அடிக்கு நாலு வரிசைச் செங்கல். டபுள்-ஓ ஷீட்டில் வரிசைக்குச் சரியாக 1 மி.மீ. அதை எச்.ஓ.வில் வைத்தால் ஒரு வரிசை 87 மி.மீ. நம்மூர் ஒன்பதங்குலச் செங்கல் 75 மி.மீ. கனம், சாந்து 10 மி.மீ. சேர்த்தால் 85. வித்தியாசம் 2 மி.மீ.! டபுள்-ஓ ஷீட்டை எச்.ஓ.வில் ஒட்டினால் நம்மூர்ச் செங்கல் ஆகிவிடுகிறது.

---

டோர்ட்முண்ட்_டிடி எழுதியது:

மாமா, ஜெர்மன் செங்கலுக்கும் அதே கதைதான். இங்கே இப்போதைய செங்கல் 71 மி.மீ. கனம், மீட்டருக்குப் பன்னிரண்டு வரிசை. ஒரு வரிசை 83 மி.மீ. சொச்சம். பழைய ராஜ்ய காலத்துச் செங்கல் 65, மீட்டருக்குப் பதின்மூன்று. டபுள்-ஓ ஷீட்டை இங்கே எச்.ஓ. வீட்டுக்குப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

நான் டிடி, 1:120. கிட் குறைவு, அதனால் எச்.ஓ.வில் இருந்து திருடுவதே பிழைப்பு. இங்கத்திய கிட் கம்பெனி அவ்ஹாகன் சில கிட்களின் பெட்டியிலேயே எச்.ஓ., டிடி இரண்டையும் போட்டு விற்கிறது. இன்னொரு கம்பெனி ஃபாலரின் பழைய எச்.ஓ. வீடுகள் 1:87-ஐவிடச் சின்னவை, 1:100 பக்கம் வரும். அவற்றில் கதவை மட்டும் மாற்றினால் டிடிக்குப் போதும்.

தொழிற்சாலைதான் இதில் தங்கச் சுரங்கம். எச்.ஓ. ஃபாக்டரியின் ஒரு தளம் 46 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு மீட்டர். டிடியில் அதே 46 ஐந்தரை மீட்டர். கிரேன் ஓடுகிற பட்டறை. ‘என்’ (N) அளவில், 1:160-இல், ஏழு மீட்டருக்கு மேல். நடுவில் ஒரு கிடைக்கோடு ஒட்டி இரண்டு தளமாக்கிவிடலாம். சின்னச் சின்னச் சதுரக் கண்ணாடி போட்ட பெரிய இரும்பு ஜன்னல் எந்த அளவிலும் நம்பும்படி இருக்கும். தரையில் ஆள் நுழைகிற ஒரே ஒரு கதவை மட்டும் சரியான அளவில் வைத்தால் கட்டடம் முழுக்க அந்தக் கதவின் அளவுக்கு வந்துவிடும்.

வீடு அப்படி வராது. மாடத்தில் பூந்தொட்டி, திறந்த ஜன்னல், அஞ்சல் பெட்டி என்று கைபடுகிற சாமான் அதிகம். நான் இரண்டு வீட்டை முயற்சி செய்து இரண்டையும் பரணில் போட்டிருக்கிறேன்.

---

பிளாட்பாரம் டிக்கெட் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அதே கம்பெனி பிளாட்பார கிட்டும் எச்.ஓ.வுக்கு ஓடுமா?

---

மில்லிமீட்டர் மாமா எழுதியது:

ஓடும், அடியில் சீவினால். பிரிட்டிஷ் பிளாட்பாரம் தண்டவாள மட்டத்துக்குமேல் மூணடி, டபுள்-ஓவில் 12 மி.மீ. எச்.ஓ.வில் அது ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். நம்மூர் உயர பிளாட்பாரம் அதிகபட்சம் 840 மி.மீ.; எச்.ஓ.வில் 9.7. அதனால் இரண்டரை மி.மீ. அளவுக்குக் குறைக்க வேண்டும். முதலில் உங்கள் பெட்டியின் படியை வைத்துப் பார்த்துவிட்டுச் சீவுங்கள். பிளாட்பாரத்தில் இடிக்கிற பெட்டியை எந்த வேப்பமரமும் மறைக்காது.

---

மில்போர்டு எழுதியது:

அட்டைக் கிட் பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன்.

பி.டி.எஃப். ஆக வாங்கி நாமே பிரிண்ட் எடுக்கிற கிட்களில் அளவை மாற்றுவது லேசு: எச்.ஓ.வுக்கு 87.5, டிடிக்கு 63.5, பிரிட்டிஷ் ‘என்’ (N) அளவுக்கு 51.5. ஓவுக்கு ஏற்ற வேண்டுமென்றால் 175. அப்படித்தான் நானும் நினைத்தேன். ஒரு கூட்ஸ் ஷெட்டை 87.5-இல் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எடுத்துவந்தேன். பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று மிஷினில் ஏதோ டிக் ஆகியிருக்கிறது. மூன்று பர்சென்ட் கூடுதலாகச் சுருங்கிவிட்டது. அதுவும் ஆறு தாளில் நாலு மட்டும். மீதி இரண்டை வேறு கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறார்கள். முன்சுவர் ஒரு அளவு, பக்கச்சுவர் ஒரு அளவு. ஒட்டும்வரை எனக்கே தெரியாது. இப்போதெல்லாம் ஒவ்வொரு தாளின் மூலையிலும் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டுத்தான் கொடுக்கிறேன். கடையிலேயே ஸ்கேல் வைத்து அளப்பேன். 87.5 இல்லையென்றால் காசு கொடுக்க மாட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தாலே ஸ்கேலை எடுத்து வைத்துவிடுகிறார்.

இரண்டாவது பொறி அட்டையின் கனம். தாளைச் சுருக்கலாம், அதை ஒட்டுகிற கெட்டி அட்டையான மில்போர்டைச் சுருக்க முடியாது. கிட் 2 மி.மீ. அட்டைக்கு வரைந்தது என்றால் 87.5-இல் 1.75 வேண்டும். அப்படி ஒன்றைக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். 2 மி.மீ.யிலேயே ஒட்டினால் மூலைக்குக் கால் மி.மீ. வெளியே தள்ளும், இரண்டு மூலைக்கு அரை மி.மீ.; கூரை உட்காராது. நான் 1.5 அட்டையில் ஒட்டி, உள்பக்கம் கல்யாணப் பத்திரிகை ஒன்றை வைத்து ஏற்றுகிறேன். முகூர்த்த சீசன் முடிந்தால் எனக்கு இரண்டு வருஷத்துக்கு ஸ்டாக். நல்ல கெட்டிக் காகிதம், ஆனால் பளபளப்புப் பக்கத்தில் ஃபெவிகால் பிடிக்காது, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

---

யாழ்தேவி76 எழுதியது:

எதிர்த் திசையில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எச்.ஓ. கிட்டை டபுள்-ஓவுக்கு ஏற்றுவது இதைவிடச் சுகம். கதவு 3 மி.மீ. குட்டை, அவ்வளவுதான். கட்டடத்தின் அடியில் 3 மி.மீ. பீடம் வைத்து ஏற்றிவிட்டு, கதவை மட்டும் பீடத்துக்குள் கீழே நீட்டி விடுங்கள். எங்கள் பக்கத்தில் மழைக்கு எல்லாக் கட்டடமும் பீடத்தில்தான் நிற்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெட்டுகிறவனைவிட ஒட்டுகிறவனுக்கு நிம்மதி அதிகம்.

---

லூப்லைன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முடிந்தது, ஏறக்குறைய.

மாமா சொன்னபடி கீழ்த்தளத்தை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் வைத்தேன். பெயின்ட் அடித்த பிறகு செங்கல் கொஞ்சம் புதுசாகத் தெரிந்தது. தண்ணீராகக் கரைத்த வெளிர்சாம்பல் நிறத்தைப் பூசித் துணியால் துடைத்தேன், சாந்து வரிசை மட்டும் எழுந்து வந்தது. படிக்கட்டை 2.33 கணக்கில் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டினேன். பன்னிரண்டு படிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

சொதப்பியது ஒன்று. சுவரை 28-க்கு இறக்கிவிட்டு, மேலே நடைபாதையைத் தாங்குகிற கால்களை மறந்துவிட்டேன். அவை கிட்டில் வந்தபடி 32-க்கே இருந்தன. ஒட்டிக் காய்ந்தபிறகுதான் பார்த்தேன், நடைபாதை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சறுக்குமரம் மாதிரி சாய்ந்திருந்தது. பிய்த்து எடுத்ததில் ஒரு கால் உடைந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் பித்தளைக் குழாய்.

முந்தாநாள் அப்பாவிடம் காட்டினேன். முப்பது வருஷம் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, படியைப் பற்றியும் சொல்லவில்லை. "வெளியில தீ வாளி எங்கடா?" என்றார். உண்மைதான், படிக்கட்டுப் பக்கம் கம்பியில் வரிசையாகச் சிவப்பு வாளி தொங்குமே, மணல் போட்டு. நான் வைக்கவே இல்லை. அடி உயர வாளி என்றால் எச்.ஓ.வில் 3.5 மி.மீ. நாலு வாளி வேண்டும். யாராவது எதிலாவது செய்திருக்கிறீர்களா?

---

மில்போர்டு எழுதியது:

தீர்ந்துபோன பால்பென் ரீஃபில். குழாயைக் கழுவி 3.5-க்கு நறுக்குங்கள், அடியில் கல்யாணப் பத்திரிகை வட்டம் ஒன்று. கைப்பிடிக்கு எலெக்ட்ரிக் ஒயருக்குள் இருக்கிற ஒற்றைச் செம்புக் கம்பி. வாளி என்பதால் கீழே கொஞ்சம் குறுக வேண்டும். நறுக்குவதற்குமுன் சூடு காட்டி லேசாக இழுத்தால் தானே குறுகும்.

---

தூரத்துமலை எழுதியது:

மணலும் போடுங்கள். அப்பா அடுத்து அதைத்தான் கேட்பார்.